இல்லாத பிரிவின் டாக்டர்

பையைத் தலைகீழாகக் கவிழ்க்கிறார். மாத்திரை அட்டைகள் சரசரவென்று மேசைமேல் சரிகின்றன. உருண்டோடும் சீசா ஒன்றை முழங்கையால் தடுத்து நிறுத்திவிட்டு, எதிரே இருக்கும் கிழவியைப் பார்க்கிறார்.

"பெரியம்மா, இதுல எதெதைப் போடறீங்க?"

"எல்லாத்தையும்தான். டாக்டருங்க குடுத்ததைப் போடாம இருந்தா அவங்க மனசு நோகாதா?"

பதினான்கு வகை. டாக்டர் இஷ்ராக் நுஃமான் அவற்றைச் சீட்டு பிரிப்பதைப்போல இரண்டு குவியலாகப் பிரிக்கிறார். சின்னக் குவியல் பைக்குத் திரும்பும். பெரிய குவியல் மேசை இழுப்பறைக்குள் போகும். "இது வேண்டாம். இதுவும் வேண்டாம். இது தூக்கத்துக்கு, இதைப் போட்டுட்டுத்தான் குளியலறையில விழுந்தீங்க. இது கால் வீக்கத்துக்கு. அந்த வீக்கம் இதோ இந்த மாத்திரையால வந்தது. இது போனா அதுவும் போயிடும்."

அவருடைய அறைக்கு நேர் எதிரே என் மருந்தகத்தின் ஜன்னல். முப்பது வருடமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறேன். மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதியதை அடித்துவிடும் டாக்டர் இவர் ஒருவர்தான். திங்கட்கிழமைகளில் என் ஜன்னலுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பிப் போவார்கள். "உங்க வேலைக்கு நான் வேட்டு வைக்கறேன் நாயிஃப் அண்ணே" என்பார். "வையுங்க டாக்டர், எனக்கும் கால் வலிக்குது, உட்காரலாம்" என்பேன் நான்.

அறை அவருடையது அல்ல. பல் டாக்டருடையது. ஏடன் நகர் முழுவதற்கும் ஓடித்திரியும் அந்த மனிதர் திங்கட்கிழமைகளில் ஷேக் உஸ்மான் பகுதியில் இருக்கும் தன் சொந்த மருத்துவமனையிலேயே இருந்துவிடுவார் என்பதால், அன்று காலை மட்டும் அறை காலி. இஷ்ராக் பொது மருத்துவத்தின் துறைத் தலைவர், ஆனாலும் வாரத்தின் மற்ற நாள்களில் பொது வார்டில் மாடு மாதிரி உழைப்பவர். திங்கள் அவருடைய ஓய்வுநாள். ஓய்வுநாளில் கிழவர் கிழவிகளைப் பார்க்கிறார். இதற்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. வருகிறவர்கள் நடுவில் கிடக்கும் பல் நாற்காலியைப் பார்த்து மிரளுவார்கள். "பல்லைப் பிடுங்கப் போறியா மகளே?" என்று கேட்ட ஒரு கிழவரிடம் பக்கத்தில் இருந்தவர், "உன்கிட்ட எதைய்யா பிடுங்க இருக்கு?" என்று கேட்டதில் ஒரு மணி நேரம் சிரித்தார்கள்.

டாக்டருக்கு நாற்பத்து நான்கு வயது. குள்ளம். கறுப்பு அபாயாவின் கைகளை மணிக்கட்டுக்கு மேலே ஊக்குப் போட்டு இழுத்து வைத்திருப்பார். கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும். பேசும்போது அது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும். காது மந்தமான கிழவரிடம் நாமெல்லாம் கத்துவோம். இவர் குரலைத் தாழ்த்துவார். "கீச்சுக் குரல்தான் முதல்ல காணாமப் போகும். ஆம்பளை மாதிரி பேசணும், அப்பத்தான் கேக்கும்" என்பார். கேட்கத்தான் செய்கிறது. என் அம்மாவிடம் பேசிப் பார்த்தேன்.

ஒவ்வொருவரையும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொல்வார். வாசல்வரை நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்வார். அதுவரை சத்தமாக எண்ணுவார்: ஒன்று, இரண்டு, மூன்று. வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களும் சேர்ந்து எண்ணுவார்கள். பதின்மூன்றைத் தாண்டினால் வெளியே ஒரு "அடடா" எழும். பத்துக்குள் உட்கார்ந்துவிட்டால் கைதட்டல். மருத்துவமனையில் வேறெங்கும் கைதட்டல் கேட்டு நான் அறிந்ததில்லை.

மூளைத் தெளிவைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொல்வது வழக்கமாம். பேனா பிடித்தே இராத பெண்கள் எதை வரைவார்கள்? அதனால் ஸுர்பியான் எப்படிச் சமைப்பது என்று கேட்பார். அரிசி எப்போது, கறி எப்போது, தயிர் எப்போது, குங்குமப்பூ எப்போது. வரிசை குழம்புகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஸகிய்யா பெரியம்மா ஒருமுறை பாதியில் நிறுத்தி, "இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் கேட்டுட்டே இருக்கியே, இன்னுமா உனக்கு ஸுர்பியான் செய்ய வரல? அதான் எவனும் கட்டிக்க வரல" என்றாள். இஷ்ராக் அவள் சீட்டில் 'நினைவு மிக நன்று' என்று எழுதினார்.

இந்தக் கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். கிறுக்கு என்றுதான் கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. போருக்கு முந்தைய ஒரு கோடையில் மீனவர் ஒருவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்களாம். நான்கு நாளாகப் பேச்சில்லை, ஆளைத் தெரியவில்லை. வயசு எண்பது, அவ்வளவுதான் என்று வீட்டார் பிணத்தைச் சுற்றும் கஃபன் துணிகூட வாங்கிவிட்டார்கள். இவர் ஏதோ சந்தேகத்தில் மூன்று மாத்திரைகளை நிறுத்திவிட்டு, நரம்பு வழியே நீர் ஏற்றினார். மூன்றாம் நாள் காலை கிழவர் எழுந்து உட்கார்ந்து, "மீன் இருக்கா?" என்று கேட்டார்.

"அவருக்கு வந்த வியாதி நாங்கதான் அண்ணே. நாங்க எழுதிக்குடுத்ததுதான். அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. அவருக்கு முன்னாடி எத்தனை பேரை அப்படியே அனுப்பி வெச்சேனோன்னு யோசிச்சேன்."

அதிலிருந்து தேட ஆரம்பித்தார். வடக்கே குளிர் நாடொன்றில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது. ஏழை நாட்டு டாக்டர்களுக்கு முதியோர் மருத்துவத்தில் ஓராண்டுப் பயிற்சி தருகிறது. போக வர, தங்க, தின்ன எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு நாட்டுக்கு ஒரு சமயத்தில் ஒருவர். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். முடித்துவிட்டுத் தாய்நாட்டுக்குத் திரும்பி அதே வேலையைச் செய்ய வேண்டும்.

இஷ்ராக்குக்கு அது முப்பத்தைந்தாவது வயதில் கிடைத்தது. கடிதம் வந்த மாதத்தில் ஏடன் விமான நிலையத்தில் கூரையே இல்லை. தெருவில் பீரங்கி. வார்டில் இரத்தம் துடைக்க ஆளில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒன்பது வாரம் வீட்டுக்குப் போகாமல் வேலை செய்தார். அந்த வருடம் போயிற்று. அடுத்த சில வருடங்கள் எதற்கும் விண்ணப்பிக்கிற வருடங்களாக இல்லை.

நாற்பத்தொன்றில் மறுபடியும் கிடைத்தது. இந்த முறை விமானம் இருந்தது. வேண்டியது ஒரேயொரு தாள்: இவர் திரும்பியதும் முதியோர் பிரிவில் பணி தரப்படும் என்று மருத்துவமனை இயக்குநர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம். இயக்குநர் டாக்டர் ஷுக்ரியின் அறையில் அன்று நானும் இருந்தேன், மருந்து இருப்புத் தாளோடு.

"எந்தப் பிரிவு?" என்றார் ஷுக்ரி.

"முதியோர் பிரிவு, டாக்டர்."

"நம்மகிட்ட அது இல்லையே."

"படிச்ச டாக்டர் இல்லாததால இல்ல. நான் போய்ப் படிச்சுட்டு வந்தா வந்துடும்."

"இல்லாத பிரிவுக்கு நான் எப்படி ஆள் அனுப்பறது?"

"ஆளே இல்லாம பிரிவு எப்படி டாக்டர் வரும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் ஷுக்ரி, இருவரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டதைப் போல. பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "குழந்தைகளுக்குன்னா ஒரு நியாயம் இருக்கு இஷ்ராக், அதுங்க வளரும். கிழவங்களுக்குத் தனியா ஒரு டாக்டர் எதுக்கு?" என்றார். கெட்டவர் அல்ல. அவருடைய அப்பாவின் மாத்திரைகளைக் குறைத்ததும் இஷ்ராக்தான்.

மறுவருடம் அதே படிவத்தை டாக்டர் அவ்ஸான் நிரப்பினான். முப்பத்தொரு வயது. பொது வார்டில் இஷ்ராக்குக்கு அடுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தவன். நல்ல பையன். நோயாளியைப் புரட்டும்போது அவன் கை குழந்தையைப் புரட்டுவதைப்போல இருக்கும். இந்தப் படிப்பு ஒன்று இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னதே இஷ்ராக்தான். அவனுக்கு அமைச்சகத்தில் ஒரு தாய்மாமன் இருந்தார் என்பது இஷ்ராக்குக்கு இல்லாத ஒரே தகுதி. இரண்டே நாளில் மூன்று முத்திரைகள் விழுந்தன. அந்தத் தாளில் எங்களுக்கு ஒரு முதியோர் பிரிவு பிறந்தது. அதற்கு ஆறு கட்டில்கள்கூட இருந்தன. ஷுக்ரிதான் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. இஷ்ராக் மட்டும், "போயிட்டு வரட்டுமே அண்ணே. ஒரு வருஷம்தானே? அவன் வந்து பிரிவை ஆரம்பிச்சா, அடுத்த வருஷம் நான் போறப்ப 'எந்தப் பிரிவு'ன்னு ஷுக்ரி கேக்க முடியாதில்ல?" என்றார். போகும்முன் அவனிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்தார். அதில் நாற்பத்திரண்டு கேள்விகள். பத்து வருடமாகத் தனக்கு விடை தெரியாமல் போனவை. ஒருமுறை விழுந்த பயத்தில் நடக்கவே மறுக்கிறவரை எப்படி எழுப்புவது. சாப்பிட மறுக்கிறவர் வாயை மூடிக்கொள்வது நோயா, முடிவா. பிள்ளையை மறந்துவிட்டவரிடம் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பது நல்லதா, கொடுமையா.

முதல் மூன்று மாதத்தில் ஒன்பது கேள்விகளுக்கு விடை வந்தது. குரல் பதிவாக அனுப்புவான். இஷ்ராக் என் ஜன்னலுக்கு வந்து கைபேசியைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்பார். "நான் இத்தனை நாளா தப்பாச் செஞ்சுட்டிருந்தேன்" என்பார், ஏதோ பரிசு விழுந்தவரைப்போல. பிறகு பதிவுகள் இடைவெளி விட்டு வந்தன. பிறகு பெருநாள் வாழ்த்து மட்டும். ஓராண்டு முடிந்தது. அங்கேயே ஒரு மருத்துவமனையில் முதியோர் வார்டில் வேலை கிடைத்திருக்கிறது, இன்னும் ஆறு மாதம் அனுபவம் வேண்டும் என்றான். ஆறு மாதம் பன்னிரண்டாயிற்று.

அந்தப் பன்னிரண்டு மாதத்தில்தான் அவனுடைய அப்பா கரைய ஆரம்பித்தார்.

உஸ்தாத் முக்பில் என்றால் எங்கள் க்ரேட்டர் பேட்டையில் தெரியாதவர் இல்லை. நாற்பது வருடம் பூகோள வாத்தியார். எனக்கும் வாத்தியார். மனைவி இறந்துவிட்டாள். வீட்டில் அவரும் ஒரு மகளும். மகள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகவேண்டும் என்பதால் திங்கட்கிழமைகளில் அவரை என் மருந்தகத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவாள். இஷ்ராக் கூப்பிடும்வரை நான் பார்த்துக்கொள்வேன். சலவைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. பொத்தான்கள் மட்டும் ஒன்று தள்ளி மாட்டியிருக்கும்.

"மங்கோலியா?" என்பேன்.

"உலான்பாத்தர். உட்காருடா, கையைக் கட்டு."

"பராகுவே?"

"அசுன்சியோன்."

"உங்க வீடு எந்தத் தெருவுல, உஸ்தாத்?"

கொஞ்ச நேரம் பேனாவைத் தடவுவார். "அது பாடத்துல இல்ல" என்பார்.

மகன் இருக்கும் நாட்டின் தலைநகரும் அவருக்குத் தெரியும். அங்கே ஓடும் ஆறு, விளையும் தானியம், குளிர்காலத்தில் சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்பதுவரை சொல்வார். அங்கே தன் மகன் இருக்கிறான் என்பது மட்டும் தெரியாது. "அவ்ஸானா? இங்கதான் எங்கயாவது பந்து விளையாடிட்டிருப்பான். வீட்டுப்பாடம் முடிக்கல" என்பார்.

போன ஜூனில் ஒருநாள் உச்சி வெயிலில் வீட்டிலிருந்து நழுவிவிட்டார். மின்சாரம் போய்ப் பதினாறு மணி நேரம். ஊரே ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. தன் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போய், ஒரு வகுப்புக்குள் நுழைந்து, கரும்பலகையில் ஆப்பிரிக்காவை வரைய ஆரம்பித்திருக்கிறார். அந்த வகுப்புப் பிள்ளைகளை நான் என்றும் மறக்கமாட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லையாம். முழுப் பாடத்தையும் கேட்டுவிட்டு, மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் ஓடி வந்தார்கள். இஷ்ராக் மூன்று நாள் அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. பிழைத்தார். ஆனால் போனதில் பாதிதான் திரும்பி வந்தது. தலைநகரங்களும் உதிர ஆரம்பித்தன.

செப்டம்பரில் இஷ்ராக் மூன்றாம் முறையாக அறக்கட்டளைக்கு எழுதினார். பிப்ரவரி வந்தால் நாற்பத்தைந்து. இதுதான் கடைசி. பதில் பதினைந்து நாளில் வந்தது. வார்டில் மின்சாரம் இல்லை. மருந்தகத்தில் தடுப்பூசிப் பெட்டிக்காக வைத்த சூரியத் தகட்டில் என் கணினி ஓடும். அதில்தான் படித்தார். மரியாதையான கடிதம். உங்கள் தகுதியில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் உங்கள் நாட்டிலிருந்து முன்னர் பயின்றவர் நாடு திரும்பவில்லை. அவர் திரும்பும்வரை உங்கள் நாட்டிலிருந்து வேறு விண்ணப்பம் ஏற்பதற்கில்லை. அவருக்கான பணியிடம் அங்கே இல்லை என்று மருத்துவமனையே சான்று தருமானால் அவரைக் கடப்பாட்டிலிருந்து விடுவிப்போம். அந்நிலையில், அங்கே இத்துறைக்கு இடமில்லை என்று கருதி, உங்கள் நாட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவோம்.

அதை மூன்று முறை படித்தார். கன்னத்தில் கிராம்பு அசையவில்லை.

"வரச் சொல்லுங்க அவனை" என்றேன் நான்.

மறுநாளே, டாக்டர் என் ஜன்னலில் நின்றபோது, அவ்ஸான் கூப்பிட்டான்; அவன் பேசியது எனக்கும் கேட்டது. அவனுக்கும் கடிதம் போயிருக்கிறது.

"இஷ்ராக் அக்கா, ஒரு உதவி வேணும். உங்ககிட்டத்தான் கேக்க முடியும்."

"சொல்லு."

"ஒரு வரி எழுதிக்குடுத்தாப் போதும் அக்கா. அங்க முதியோர் பிரிவு இல்லைன்னு. துறைத் தலைவர்னு நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும், ஷுக்ரி முத்திரை வெச்சிடுவாரு, மாமா பேசிட்டாரு. அது இல்லைன்னா ஜனவரியோட நான் இங்க தங்கற அனுமதியை எடுத்துடுவாங்க."

"எடுத்துட்டா?"

"வரணும்."

"வந்தா என்னடா?"

"வந்தா என்னை எங்க போடுவாங்க அக்கா?" என்றான். "அவசரப் பிரிவுல குண்டு எடுக்கப் போடுவாங்க. நான் படிச்சதை வெச்சு அங்க என்ன செய்ய? வீடு இப்ப நான் அனுப்பறதுலதான் ஓடுது. அப்பாவோட மறதிக்கு நான் அனுப்பற மருந்து அங்க கிடைக்கவே கிடைக்காது. நான் வந்துட்டா அதுவும் நின்னுடும்."

"உன் அப்பா உன்னைத் தேடறாரு."

"தெரியும் அக்கா. இங்க என் வார்டுல இருபத்தெட்டு அப்பா இருக்காங்க. காலையில ஒவ்வொருத்தருக்கா முகம் துடைச்சு விடறேன். அவங்க பிள்ளைங்க யாரும் வர்றதில்ல. அந்தப் பிள்ளைங்களை நான் மனசுக்குள்ள திட்டறேன் அக்கா. நான்! திட்டறேன்!"

இஷ்ராக் அழைப்பைத் துண்டித்துவிட்டு நேரே ஷுக்ரியின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கூப்பிடவில்லை. போனேன்.

"டாக்டர், ரெண்டு கட்டில் குடுங்க" என்றார்.

"எதுக்கு?"

"ஆறு வேண்டாம். ரெண்டு. வார்டோட கடைசி மூலையில. முதியோர் பிரிவுன்னு ஒரு பலகை வெச்சிடறேன். இருக்குன்னு ஆயிட்டா, அவன் வந்துதான் ஆகணும். அவன் வந்தா எனக்கு இடம் திறக்கும். நான் போயிட்டு வந்தா ரெண்டு பேர். ரெண்டு பேர் இருந்தா அது நிஜமாவே ஒரு பிரிவு."

ஷுக்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னல் வழியே கைகாட்டினார். தாழ்வாரத்தில் தரையில் பாய் விரித்துப் பதினோரு பேர் கிடந்தார்கள். காலரா.

"இவங்களைத் தாண்டி எந்தக் கிழவரைக் கொண்டுபோய்க் கட்டில்ல படுக்க வைக்கறது? நீங்களே சொல்லுங்க. நீங்க எதைச் சொல்றீங்களோ அதைச் செய்யறேன்."

பதினோரு பேரையும் இஷ்ராக் பார்த்தார். அதில் மூன்று பேர் குழந்தைகள். வெளியே வந்தார்.

மருந்தகத்துக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"நாயிஃப் அண்ணே, கணினியைத் திறங்க. ஒரு கடிதம் அடிக்கணும்."

"மாட்டேன்" என்றேன்.

"அண்ணே."

"எழுதாதீங்க டாக்டர். நீங்க கையெழுத்துப் போடலைன்னா அவன் வந்துதான் ஆகணும். வரட்டும். உங்க இடத்தை எடுத்துட்டுப் போனவன். அவனுக்காக நீங்க எதுக்கு உங்க கழுத்தை நீங்களே அறுத்துக்கணும்?"

"அவனுக்காக இல்ல."

"பின்ன?"

"என்ன எழுதச் சொல்றீங்க? இருக்குன்னு எழுதட்டுமா? எங்க இருக்கு? எழுந்து வந்து காட்டுங்க அண்ணே. எந்தக் கட்டில்? எந்தக் கதவு?" அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான். "ஏற்கெனவே ஒரு தடவை இருக்குன்னு பொய் எழுதினாங்க, அதனாலதான் இத்தனையும். அதே பொய்யை நானும் எழுதி அவனை இழுத்துட்டு வந்து, குண்டு எடுக்க விட்டுட்டு, உஸ்தாத்தோட மருந்தையும் நிறுத்திட்டு, நான் மட்டும் விமானம் ஏறணுமா?"

கணினியைத் திறந்தேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.

'இம்மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவு இல்லை.'

நிறுத்தினார். முற்றுப்புள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அது போதும் என்றுதான் அவனும் கேட்டிருந்தான். "இன்னொரு வரி" என்றார்.

'தொடங்கும் எண்ணமும் இல்லை.'

"அது எதுக்கு டாக்டர்?"

"இல்லைன்னா அடுத்த வருஷம் யாராவது ஆசைப்பட்டு எழுதுவாங்க. பாவம்."

கையெழுத்துப் போட்டார். துறைத் தலைவர், பொது மருத்துவம். அச்சு இயந்திரத்தில் மை குறைந்திருந்தது. எழுத்துகள் சாம்பல் நிறத்தில் வந்தன. இன்னொரு பிரதி எடுக்கட்டுமா என்றேன். தெரிகிற அளவுக்குத் தெரிந்தால் போதும் என்றார்.

பட்டியலிலிருந்து நாட்டை நீக்கிவிட்டதாக அறக்கட்டளையின் கடிதம் டிசம்பரில் வந்தது. பிப்ரவரியில் அவருக்கு நாற்பத்தைந்து ஆகும். திங்கட்கிழமைகளை அவர் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ஆனால் எண்ணுவதில் பழைய சத்தம் இல்லை. உதட்டுக்குள்ளேயே எண்ணுகிறார். வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் எங்கே சேர்ந்துகொள்வது என்று தெரியாமல் சும்மா இருக்கிறார்கள். பல் டாக்டர் ஜனவரியிலிருந்து திங்கட்கிழமையும் வரப்போகிறாராம். அறையைக் காலி செய்யச் சொல்லித் தாள் வந்திருக்கிறது. அதற்கு இஷ்ராக் ஷுக்ரியிடம் போகவில்லை.

"தாழ்வாரத்துல உட்கார்ந்து பாக்கலாமே" என்றேன்.

"பாக்கலாம்" என்றார். அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

போன திங்கள் உஸ்தாத் முக்பிலைக் கையைப் பிடித்து நான்தான் உள்ளே கூட்டிப்போனேன். இப்போதெல்லாம் அவர் அதிகம் பேசுவதில்லை. பல் நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்தேன். சரியாக அப்போது அவ்ஸான் கூப்பிட்டான், படத்தோடு. திரையில் அவன் முகம் தெரிந்தது. கம்பளிக் குல்லா, பின்னால் வெள்ளைச் சுவர். அனுமதி ஐந்து வருடத்துக்குக் கிடைத்துவிட்டது என்றான். உங்களால்தான் அக்கா என்றான். இந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன் என்றான். பிறகு, "அப்பா இருக்காரா? ஒரு தடவை காட்டுங்க அக்கா" என்றான்.

இஷ்ராக் கைபேசியை உஸ்தாதின் முகத்துக்கு நேரே பிடித்தார். "அப்பா" என்றான் அவன். "அப்பா, நான்தான்." கிழவர் திரையைப் பார்த்தார். மரியாதையாகத் தலையசைத்தார், தெருவில் யாரோ வணக்கம் சொன்னால் அசைப்பதைப்போல. பிறகு பார்வையை எடுத்துவிட்டார். அவ்ஸான் தன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னான், ஐந்து முறை, ஆறு முறை. கிழவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கைகள் நாற்காலியின் பிடியைத் தேடின.

இஷ்ராக் கைபேசியை மெல்ல விலக்கினார். அழைப்பைத் துண்டிக்கவில்லை. மேசைமேல் அதை மல்லாக்க வைத்தார். அது இனிக் கூரையை மட்டும் அவனுக்குக் காட்டும்.

அபாயாவை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். உஸ்தாதின் செருப்பைக் கழற்றி, வலது பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நகங்கள் மஞ்சளித்து, வளைந்து, சதைக்குள் இறங்கியிருந்தன. மேசைமேலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது: "அக்கா? அக்கா, கேக்குதா?" இஷ்ராக் நகவெட்டியை எடுத்து, சுண்டுவிரலிலிருந்து வெட்ட ஆரம்பித்தார்.